எடைத் தராசுக்கு முன் எழுந்த கேள்வி

சமூக நலத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவோர், அவை குறித்த ஆய்வுக்கு ஒதுக்கத் தயங்குவது புதிதன்று. குழந்தைக்குச் சேர வேண்டிய பணத்தை ஆய்வாளருக்கு ஏன் தர வேண்டும் என்பார்கள். நியாயமாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை தேட, எலப்புள்ளியிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வாளையாறு எல்லையைக் கடந்தால் போதும்.

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சத்துணவு வழங்கும் திட்டங்கள் பல இருந்தன, ஊட்டக்குறைவும் இருந்தது. அப்போது அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமையின் நிதியில், சிட்னி கேன்டர் நிறுவனம் தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வை நடத்தி, 1973இல் அறிக்கை அளித்தது. உணவு விளைச்சல், விலை, குடும்பத்திற்குள் உணவு பகிரப்படும் முறை, குழந்தை வளர்ப்புப் பழக்கங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே அமைப்பாக அது நோக்கியது. பள்ளிப் பிள்ளைகளைவிட, தாய்ப்பாலிலிருந்து திட உணவுக்கு மாறும் பருவத்துக் குழந்தைகளே பெரும் ஆபத்தில் இருந்தனர். நடைமுறையிலிருந்த உணவுத் திட்டங்களோ அவர்களைச் சரிவர எட்டவில்லை.

இப்புரிதலின் மேல் எழுந்ததே, உலக வங்கிக் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் அது முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டனர். எடை கூடாமல் தேங்கிய குழந்தைகளுக்கு மட்டும், ஏறத்தாழ 90 நாள் கூடுதல் உணவு தரப்பட்டது, தேறியபின் நிறுத்தப்பட்டது. தாய்மார்களுக்கு உணவூட்டல் குறித்த அறிவுரையும் உடன் சென்றது. கடும் ஊட்டக்குறைவு குறைந்ததைப் பின்னர் வந்த மதிப்பீடுகள் பதிவு செய்தன. மிதமான ஊட்டக்குறைவு அவ்வளவு எளிதில் அசையவில்லை என்பதையும் அவையே கூறின.

இவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஆய்வறிக்கையிலிருந்து பிறந்ததன்று. அரசியல் உறுதியிலிருந்து பிறந்தது. பொருளியலாளர் பலர் செலவைச் சுட்டிக்காட்டி ஐயுற்றனர். ஆயினும் அதுவே மக்கள் உரிமையாக வேரூன்றியது. கடனுதவியில் நடந்த திட்டமோ 1990களின் இறுதியில் தனித் திட்டமாக நீடிக்காமல், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளுக்குள் கலந்தது.

ஆகவே, ஆய்வு அரசியல் உறுதிக்கு மாற்றாகாது. யார் விடுபடுகிறார்கள், எந்த வயதில், ஏன் என்று அது காட்டும். விடுபட்டவரைச் சேர்ப்பதும், சேர்த்ததைத் தொடர்வதும் அரசின் கடமை. வெளிநாட்டு நிதியோடு தொடங்கும் கேள்விகள் அந்நிதியோடே முடிந்துவிடக் கூடாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

பாலக்காட்டு, இடுக்கி எல்லை ஊர்களின் அங்கன்வாடிகளில் இன்று எழுதப்படும் எடைப் பதிவேடுகளைப் படித்து ஆராய ஒரு சிறு தொகையை நம் ஊராட்சிகளே ஒதுக்கினால் என்ன? துறை நண்பர்களும் மாணவர்களும் தம் கருத்தைப் பகிர வேண்டுகிறேன்.