தாயுமானவடிகளும் மௌனயோகமும்

சிவயோகம் மலைமுழைக்கும் கானகத்துக்குமே உரியதென்பார் பலர். தாயுமானவடிகள் வரலாறு அதற்கு இடந்தாராது.

திருமறைக்காட்டுக் கேடிலியப்ப பிள்ளையின் மைந்தராகிய அடிகள், 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் திரிசிரபுரத்தில் சம்பிரதி அலுவல் பூண்டிருந்தார். வரவும் செலவும் ஓலையும் முத்திரையுமாகக் கழிந்த அந்நாளில், திருமூலர் மரபில் வந்த மௌனகுரு தேசிகரை அடைந்து உடன்செல்ல விழைந்தார். தேசிகர் காவி அளித்திலர். சும்மா இருக்கும்படி அருளி, இல்லறத்து நின்று பக்குவம் எய்துகவெனப் பணித்தார் என்ப. அடிகளும் மட்டுவார்குழலியாரை மணந்து, கனகசபாபதி என்னும் புதல்வரைப் பெற்றார்.

சும்மா இருத்தலாவது சோம்பியிருத்தலன்று. கை தன் வினையைச் செய்யாநிற்க, யான் எனதென்னுஞ் செருக்கு ஓய்தல். கணக்கெழுதுவார்க்கும் அடுக்களையிலிருப்பார்க்கும் அது கூடும். அடிகள் தேசோமயானந்தத்தில் மதயானையை வசப்படுத்தல், நீர்மேல் நடத்தல் முதலிய சித்துக்களையெல்லாம் எளியவென ஒதுக்கி, சிந்தையடங்கி இருத்தலொன்றையே அரிதென வைத்ததும் இதுபற்றியே. மூச்சை அடக்கியும் வெகுளியை அடக்கமாட்டாதாரை யோகியரென்றல் எங்ஙனம்?

நாயக்கர் மறைந்தபின் அடிகள் திரிசிரபுரம் நீங்கினார். அதுபற்றி வழங்கும் அரண்மனைக் கதைகள் ஈண்டு வேண்டா. மனைவியார் சிவபதம் அடைந்தபின்னரே மௌனகுரு மீண்டும் எழுந்தருளித் துறவு நல்கினாரென வரலாறு கூறும். இராமநாதபுரத்தில் அடிகள் சமாதி கூடினார்.