மின்னஞ்சல் இடமாற்றத்தில் இணைப்பு வரம்புத் தளர்வு

மின்னஞ்சல் வழங்கிகள் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளுக்கு வரம்பு வைத்துள்ளன. அஞ்சல்களைப் புதிய வழங்கிக்கு மாற்றும்போது அவ்வரம்பைச் சில நாட்களுக்குத் தளர்த்துவது வழக்கம்.

இதன் வேர் ஐமேப் நெறிமுறையில் இருக்கிறது. 1986இல் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிசுபின் உருவாக்கிய இந்நெறிமுறையில், ஓர் இணைப்பு ஒரு சமயத்தில் ஒரு கோப்புறையை மட்டுமே திறந்து வைத்திருக்கும். பின்னாளைய அஞ்சல் மென்பொருள்கள் பல கோப்புறைகளை ஒருசேரக் கவனிக்கப் பல இணைப்புகளைத் திறந்தன, திறன்பேசியும் சேர்ந்துகொண்டது. ஒவ்வோர் இணைப்பும் வழங்கியின் நினைவகத்தைப் பிடித்துக்கொள்வதால் வரம்பு தேவைப்பட்டது. டவ்கோட் வழங்கியில் ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு பயனருக்கு இயல்பாக 10 இணைப்புகள். ஜிமெயிலில் கணக்கொன்றுக்கு 15.

கூரியர் வழங்கியில் பயனரைப் பாராமல் ஐபி முகவரியை மட்டும் எண்ணும் வரம்பும் உண்டு. இடமாற்றக் கருவி எல்லாப் பெட்டிகளையும் ஒரே முகவரியிலிருந்து படிப்பதால், வழங்கியின் கண்ணுக்கு அது தாக்குதல் போலவே தெரியும். இணைப்புகள் மறுக்கப்படும், அஞ்சல்கள் பாதியில் நிற்கும்.

சொந்த வழங்கி வைத்திருப்போர் அமைவுக் கோப்பில் எண்ணை உயர்த்துவர். வேலை முடிந்தபின் அதைத் திரும்பக் குறைக்க மறப்பதே பெரிய ஆபத்து. கடவுச்சொல்லை ஊகித்துத் தாக்குவோருக்கு அது திறந்த கதவு. மைக்ரோசாப்ட் 365 இதைக் கெடு வைத்துச் சமாளித்தது: எக்சேஞ்ச் வலைச் சேவைக்கான தளர்வு 30, 60 அல்லது 90 நாட்களுக்கே கிடைக்கும்.