கொல்லிப்பாவையும் இனன்னாவும்

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்வோர்க்குக் கிழக்கே நீலமாய்த் தொடர்ந்து வருவது கொல்லிமலை. அதனைக் காணும்போதெல்லாம், சிரித்தே ஆளைக் கொல்லும் பாவையைப் பற்றிச் சிறுவயதில் கேட்ட கதை நினைவுக்கு வரும். முனைவர் பட்டத்திற்காகத் தொகைநூல்களைப் பயின்ற நாளில்தான் ஓர் ஐயம் எழுந்தது: அக்கொலைச் சிரிப்பு சங்கப் பாடல்களில் எங்கே உள்ளது?

பாவையைக் குறிக்கும் அகப்பாடல்களில் நான் அதைக் காணவில்லை. காற்றும் மழையும் இடியும் தாக்கினும், நிலமே அதிரினும் உருக்குலையாத பாவை என்கிறார் பரணர் (நற்றிணை 201). தலைவன் நெஞ்சை விட்டு நீங்காத தலைவிக்கு அப்பாவை உவமை. கபிலரும் (குறுந்தொகை 100) அதனை ஓரியின் கொல்லியில் வைத்துத் தலைவியின் அழகுக்கே ஒப்பிடுகிறார். இவற்றினும் வியப்புக்குரியது நற்றிணை 192. புலியும் கரடியும் திரியும் வழியில் வாராதே என்று அழும் தலைவிக்குத் தலைவன் விடை கூறுகிறான். பலா மலிந்த கொல்லியின் பாவை இளவெயிலில் தோன்றினாற் போன்ற உன் அழகை நினைந்து வந்தால், அம்மலைவழியே எனக்குக் காவலாகும் என்கிறான். பிற்காலக் கதையில் வழிச்செல்வோரைக் கொல்பவள், இங்கே வழித்துணை! கொல்லியை அச்சம் முதிர்ந்த மலை எனப் பரணர் பாடியது உண்மையே (குறுந்தொகை 89). ஆயின் அச்சம் மலைக்குரியது. பாவைக்கு அவர் தரும் அடை அழகைச் சுட்டுவதே.

எனினும் ஒரு குறை உண்டு. தெய்வம் எழுதியது, பூதம் புணர்த்தது என்றே பாவை பேசப்படுகிறாள், அவள் பேசுவதில்லை. இவ்விடத்தில் சுமேரியரின் இனன்னா நினைவுக்கு வருகிறாள். ஊருக் நகரின் தெய்வமான அவள் காதலுக்கும் போருக்கும் உரியவள். தந்தை முறையினனான என்கியை மதுவில் மயக்கி, நாகரிகத்தின் நெறிகளையெல்லாம் படகேற்றித் தன் நகருக்குக் கொணர்கிறாள். தமக்கை எரெசுகிகால் ஆளும் கீழுலகிற்குத் தானே இறங்குகிறாள். ஏழு வாயில்களில் ஏழு அணிகளை இழந்து, பிணமாகி, மீள்கிறாள்.

அவளைப் பாடியவளும் ஒரு பெண்ணே. அக்காடிய மன்னன் சார்கோனின் மகளும், ஊர் நகரத்துத் திங்கள் கோயிலின் தலைமைப் பூசகியுமான என்கெதுவன்னா, கி.மு. 2300 அளவினள். பகைவனால் பதவியினின்று விரட்டப்பட்ட துயரைத் தன் பெயர் கூறியே இனன்னாவிடம் முறையிடும் பாடல் அவளுடையதாகக் கருதப்படுகிறது. கிடைத்த படிகள் பிற்பட்டவை ஆதலின் ஐயுறுவோரும் உளர். அவள் உருவும் பெயரும் தாங்கிய கல்வட்டு 1927இல் ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அவள் வாழ்ந்ததில் ஐயமில்லை.

பாவையைப் பாடியோருள் பெயர் தெரிந்த பரணரும் கபிலரும் கல்லாடனாரும் ஆடவரே. வெள்ளிவீதியாரோ ஒளவையாரோ கொல்லி ஏறியிருந்தால் அப்பாவை என்ன சொல்லியிருப்பாள்? மலைமீது இன்றும் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையாகவே வழிபடுகின்றனர். நம் வட்டத்துப் பெண் கவிஞர் ஒருவரேனும் அவ்வழி ஏறிவர வேண்டும். துணைக்கு நானும் வருகிறேன்.