கொல்லை மாமரத்தை வெட்டப் போறீங்களா? அதுக்கு முன்னாடி ஒட்டுக்கட்டுங்க!

தவளக்குப்பம் மாதிரி வேகமா வளர்ற ஊர்ல, வீடு பெருசாகும்போது முதல் வெட்டு கொல்லை மாமரத்துக்குத்தான். கொட்டையைப் போட்டா அதே ருசி வருமா? பெரும்பாலும் வராது. பூவுக்கு மகரந்தம் வேற மரத்துலேர்ந்தும் வந்திருக்கும். அதே பழம் வேணும்னா ஒட்டுதான் வழி. ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல நேரம்.

தாய்க்குச்சி: பழைய மரத்துல 3-4 மாசம் முதிர்ந்த, பென்சில் தடிமன் கிளைநுனி. நுனிமொட்டு உப்பியிருக்கணும். வெட்டுறதுக்கு 7-10 நாள் முன்னாடியே இலைகளை நறுக்கி, காம்பை மட்டும் விடுங்க.

வேர்ச்செடி: பையில வளர்ந்த, அதே தடிமன் உள்ள நாட்டு மாங்கன்று.

ஒட்டு: கன்றோட தலையை வெட்டி, நடுவுல 4-5 செ.மீ. பிளந்துக்கோங்க. குச்சியோட அடியை ஆப்பு மாதிரி சீவி அதுல செருகுங்க. தோலுக்கு அடியில இருக்கிற பச்சைப் படலம், ஒரு பக்கமாவது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கணும். ஒட்டு பிடிக்கிறதே இதனாலதான். பாலித்தீன் நாடாவால இறுக்கிக் கட்டி, மேலே பாக்கெட் ஐஸ் கவரை மாட்டி நிழல்ல வைங்க.

3-4 வாரத்துல துளிர்க்கும். உடனே கவரை எடுத்துடுங்க. ஒட்டுக்குக் கீழே வர்ற துளிரைக் கிள்ளிடுங்க. விட்டா நாட்டுக்கன்று ஜெயிச்சிடும்!

சந்தேகம்னா, குரும்பாபேட் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க.

எல்லா ஒட்டும் பிடிக்காது. அதனால நாலஞ்சு கன்றுல கட்டுங்க. துளிர் நின்ன பிறகு மரத்துல கைவைங்க.