காரணப்பெயரா, இடுகுறியா? ஜெர்மன் கார்களின் புகழ் குறித்து

தமிழில் 'பென்ஸ் கார்' என்பது ஒரு வண்டியின் பெயர் மட்டுமன்று. செல்வத்தின் உச்சியைச் சுட்டுவதற்கு நம்மவர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் சொல் அது. அக்காருக்குள் ஒருமுறையேனும் அமர்ந்திராதவரும் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பொருள் கொள்வர். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தார். பறப்பதால் பறவை என்பது காரணப்பெயர்; காரணம் வினவ இடமின்றி மரபால் வழங்கும் மரம் என்பது இடுகுறி. மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஔடி, போர்ஷே ஆகிய பெயர்களோடு ஒட்டிநிற்கும் உயர்வு இன்றும் காரணம் பற்றியதா, அல்லது காரணம் கழன்று வழக்கினால் மட்டும் நிற்பதா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் வினா. வாங்குகிறவர் கொடுக்கும் கூடுதல் விலை மட்டுமன்றி, அக்கார்களைச் செய்து வாழும் பல இலட்சம் தொழிலாளரின் பிழைப்பும் இவ்வினாவில் அடங்கியிருக்கிறது.

புகழின் வரலாறு இகழ்ச்சியில் தொடங்குகிறது. 1876ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. ஜெர்மனியின் சார்பில் அங்கே சென்றிருந்தவர் ஃபிரான்ஸ் ரூலோ. எந்திரங்களின் இயக்கத்தை ஒரு தனி அறிவியலாக வகுத்த பேராசிரியர். தம் நாட்டுப் பொருள்கள் விலையில் மலிவு, தரத்தில் மட்டம் என்று அவர் அங்கிருந்து வெளிப்படையாக எழுதி அனுப்பினார். தாய்நாட்டில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அடுத்த அடி பிரிட்டனிலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துக் கத்திகள் ஷெஃபீல்டு நகரத்தின் முத்திரையோடு விற்பனைக்கு வருகின்றன என்று ஆங்கிலேய உற்பத்தியாளர் முறையிட்டனர். 1887ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வணிகக் குறிகள் சட்டத்தை இயற்றியது. ஆங்கிலேயப் பொருள் என்று மயங்கவைக்கும் அயல்நாட்டுச் சரக்கில் அது பிறந்த நாடு பொறிக்கப்படவேண்டும் என்றாயிற்று. 'மேட் இன் ஜெர்மனி' என்னும் தொடர், வாங்குவோரை எச்சரிப்பதற்காக அயலார் இட்ட சூடு. பத்தாண்டு கழிவதற்குள், 1896ல், அதே தொடரைத் தலைப்பாகக் கொண்டு எர்னஸ்ட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஒரு நூலே எழுதினார். ஜெர்மானியப் பொருள்கள் ஆங்கிலேய வீடுகளை நிறைத்துவிட்டன என்பது அவருடைய அச்சம். சூட்டுத்தழும்பு அதற்குள் பதக்கமாகியிருந்தது.

இந்த மாற்றத்தை நாம் இனத்தின் இயல்பு என்று விளக்குவதற்கில்லை. 1876ல் மட்டமாகச் செய்தவர்களும் 1896ல் செம்மையாகச் செய்தவர்களும் பெரும்பாலும் ஒரே தலைமுறையினர். இடையில் தொழிற்கல்வியும் வேதியியல் ஆய்வுக்கூடமும் வளர்ந்தன. கடுமையான போட்டி வந்தது. அவ்வளவே.

கார்ப் பெயர்களின் கதையோ இன்னும் சுவையானது. காரல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29ல். அவ்வண்டியை உலகம் நம்பவைத்தவர் அவருடைய மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச்சென்றார். வழியில் எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். 'மெர்சிடிஸ்' ஜெர்மானியப் பெயரே அன்று. எமில் யெலினெக் என்னும் வணிகர் தம் மகளின் ஸ்பானியப் பெயரை டைம்லர் கார்களுக்கு இட்டார். 'ஔடி' இலத்தீன். ஔகுஸ்ட் ஹோர்ஷ் தாம் நிறுவிய நிறுவனத்தை விட்டு வெளியேறியபோது தம் பெயரையே பயன்படுத்தும் உரிமையை இழந்தார். ஹோர்ஷ் என்றால் 'கேள்' என்று பொருள், அதை இலத்தீனில் மொழிபெயர்த்து 1910ல் புதுப்பெயராக்கினார். மொழிபெயர்ப்பு ஒரு பெருந்தொழிலுக்கு முதலாக அமைந்த அரிய சந்தர்ப்பம் இது. 1932ல் ஔடி, டி.கே.டபிள்யூ., ஹோர்ஷ், வாண்டரர் ஆகிய நான்கும் இணைந்ததன் அடையாளமே அந்த நான்கு வளையங்கள். விமான எந்திரம் செய்துவந்த பி.எம்.டபிள்யூ., 1928ல் ஐசனாக் நகரத் தொழிற்சாலையை வாங்கிக் கார்த்தொழிலில் நுழைந்தது. அங்கே உருவாகிவந்த சிறிய கார், பிரிட்டனின் ஆஸ்டின் செவனை உரிமம் பெற்றுச் செய்ததாகும்.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. நாம் சொல்லாமல் கடப்பது முறையாகாது. நாஜி ஆட்சியில் இந்நிறுவனங்கள் போர்த்தளவாடம் செய்தன. 1944 இறுதியில் டைம்லர் பென்ஸ் தொழிலாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வலிந்து கொண்டுவரப்பட்டவர்கள்: அயல்நாட்டுக் குடிமக்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். பி.எம்.டபிள்யூ.வும் ஃபோக்ஸ்வேகனும் விலக்கல்ல. எஞ்சியிருந்தோருக்கு இழப்பீடு வழங்க அரசும் தொழில்துறையும் சேர்ந்து 1,000 கோடி மார்க் கொண்ட அறநிறுவனத்தை அமைத்ததே 2000ஆம் ஆண்டில்தான்.

இன்று நாம் அறிந்த உயர்வு போருக்குப் பின் ஈட்டப்பட்டது. அதுவும் எளிதில் வரவில்லை. 1950களில் பி.எம்.டபிள்யூ. விலையுயர்ந்த பெரிய கார்களைச் செய்து நட்டப்பட்டது. இத்தாலிய உரிமத்தில், முன்பக்கம் கதவு திறக்கும் முட்டை வடிவ இசெட்டாவை விற்றுக் காலம் தள்ளியது. 1959 டிசம்பர் 9ல் கூடிய பங்குதாரர் கூட்டத்தில் அந்நிறுவனம் டைம்லர் பென்ஸ் கைக்குப் போயிருக்கவேண்டும். சிறு பங்குதாரரும் விற்பனையாளரும் எதிர்த்து நின்று தடுத்தனர். பின்னர் ஹெர்பர்ட் குவாண்ட் முதலிட, 1961ல் 'புதிய வகுப்பு' என்னும் பெயரில் காட்சிக்கு வந்த 1500 கார்தான் அந்நிறுவனத்தை நிமிர்த்தியது.

மெர்சிடிஸின் கதையில் நாம் நினைவுகூர வேண்டியவர் பெலா பாரெனி. வியன்னாவுக்கு அருகே பிறந்தவர். மோதலில் கார் நசுங்காதிருப்பதே பாதுகாப்பு என்று எல்லாரும் நம்பிய காலத்தில், முன்னும் பின்னும் நசுங்கவேண்டும், நடுவிலுள்ள அறை மட்டுமே நசுங்கக்கூடாது என்றார் அவர். மோதலின் ஆற்றலை இரும்பு வாங்கிக்கொண்டால் உடம்புக்கு வருவது குறையும். 1951ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இக்கருத்து 1959ல் மெர்சிடிஸ் காரில் நடைமுறைக்கு வந்தது. இன்று உலகின் எந்தக் காரும் இதற்கு விலக்கன்று. 1978ல், திடீரெனப் பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு அமைப்பைப் பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து கொண்டுவந்தனர். 1995ல், கார் வழுக்கித் திரும்பும்போது தானே திருத்தும் அமைப்பு வந்தது. பொது வேக வரம்பு இல்லாத ஆட்டோபான் சாலைகளில் மணிக்கு 200 கிலோமீட்டரில் மணிக்கணக்காக ஓடவேண்டிய காருக்கு இவை அலங்காரமல்ல. ஜெர்மன் காரின் காரணம் பெரிதும் அந்தச் சாலையிலிருந்து பிறந்தது என்பது நம் கருத்து.

நீடித்த உழைப்புக்குச் சான்று வேண்டுமாயின், ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்கு ஒரு கிரேக்க டாக்ஸி ஓட்டுநர் 2004ல் அளித்த 1976ஆம் ஆண்டு 240 டி காரைச் சொல்லலாம். அது ஓடியது 46 இலட்சம் கிலோமீட்டர். அக்கால மெர்சிடிஸின் மிகக் கண்டிப்பான வாடிக்கையாளர் செல்வந்தரல்லர், டாக்ஸி ஓட்டுநரே என்பதை நாம் கருதவேண்டும்.

1989ல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் லெக்ஸஸ் என்னும் புதுப்பெயரில் ஒரு பெரிய காரை அமெரிக்காவில் இறக்கியது. மெர்சிடிஸைவிட மிகக் குறைந்த விலை, ஓசையில்லாத ஓட்டம், பழுதில்லாத உழைப்பு. செலவு பாராமல் செய்துவிட்டுப் பின்னர் விலை குறிக்கும் வழக்கம் அத்தோடு முடிந்தது. 1990களின் நடுவில் வந்த மெர்சிடிஸ் கார்களில் துருப்பிடித்தல் பெரும் பழியாயிற்று. 1997ல் சிறிய ஏ வகுப்புக் கார், குறுக்கே வரும் காட்டுமானைத் தவிர்க்கத் திருப்புவது போன்ற ஸ்வீடன் நாட்டுச் சோதனையில் கவிழ்ந்தது. 1998ல் அமெரிக்க கிரைஸ்லருடன் நடந்த இணைப்பு 2007ல் முறிந்தது. 2005ல் மின்னணுக் கோளாறுகளுக்காக 13 இலட்சம் கார்களைத் திரும்ப அழைக்கவேண்டியிருந்தது. ஜெர்மனியில் புதுக்கார்களின் பெரும்பகுதி நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. இவ்வகைக் கார்களை மூன்றாண்டுக் குத்தகையில் ஓட்டித் திருப்பிக்கொடுப்பது வழக்கமாயிற்று. மூன்றாண்டில் விடைபெறுகிறவர் பதினைந்தாம் ஆண்டின் துருவைப் பற்றிக் கவலைப்படுவாரா?

பெயர் பொருளினும் வலிது என்பதற்கு ஃபோக்ஸ்வேகனின் ஃபேட்டன் தக்க உதாரணம். 2002ல் வந்தது. டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர் கொண்ட தொழிற்சாலையில் கைவினை போலக் கோத்தனர். அதன் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட பென்ட்லி நன்றாக விற்றது. ஃபேட்டன் விற்கவில்லை. மக்கள் கார் என்று பொருள்படும் பெயரைச் சுமந்துகொண்டு அது அமெரிக்காவிலிருந்து 2006ல் வெளியேறியது. 2016ல் உற்பத்தியே நின்றது. காரணம் இருந்தும் இடுகுறி இல்லாத பண்டம்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி 2015ல் வெடித்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக்குழு ஒன்று, டீசல் கார்கள் சாலையில் எவ்வளவு புகை கக்குகின்றன என்று அளக்கப் புகுந்தது. குழுவினருள் ஒருவர் பெயர் அரவிந்த் திருவேங்கடம் என்பது தமிழர்க்குச் சற்றே மகிழ்ச்சி தரும் செய்தி. ஆய்வுக்கூடத்தில் நிறுத்திவைத்து அளப்பதே வழக்கம். இவர்கள் அளவைக் கருவிகளைக் காரின் பின்புறம் ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து சியாட்டில்வரை ஓட்டினர். ஒரு ஃபோக்ஸ்வேகன் கார் நைட்ரஜன் ஆக்சைடுகளை வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கும், மற்றொன்று 5 முதல் 20 மடங்கும் வெளியிட்டன. உடன் சோதிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. 2015 செப்டம்பர் 18ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. ஸ்டியரிங் திரும்பாமலே சக்கரம் ஓடுவது முதலிய குறிகளைக் கொண்டு, தான் சோதிக்கப்படுகிறோம் என்பதை அக்காரின் மென்பொருள் அறிந்துகொண்டது. அப்போது மட்டும் புகையைச் சுத்திகரித்தது. சாலைக்கு வந்ததும் விட்டுவிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி கார்கள். தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் சில நாள்களில் பதவி விலகினார். அபராதமும் இழப்பீடுமாக நிறுவனத்துக்கு 3,000 கோடி யூரோவுக்கு மேல் செலவாயிற்று. ஔடியின் முன்னாள் தலைவர் ரூப்பர்ட் ஷ்டாட்லருக்கு 2023ல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. 2025ல் ஃபோக்ஸ்வேகனின் முன்னாள் பொறுப்பாளர் இருவர்க்குச் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது.

இதைவிட ஆழமான புண் என்று நாம் கருதுவது பலரும் மறந்துவிட்ட மற்றொன்று. டைம்லர், பி.எம்.டபிள்யூ., ஃபோக்ஸ்வேகன், ஔடி, போர்ஷே ஆகியோரின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் கூடிப் பேசி, சட்டம் கேட்பதற்கு மேல் புகையைச் சுத்திகரிப்பதில் ஒருவரோடொருவர் போட்டியிடுவதில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தனர். சுத்திகரிக்கும் கரைசல் அடைக்கும் தொட்டியின் அளவுகூட அங்கே பேசி வைக்கப்பட்டது. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்குமாக 87.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. முதலில் காட்டிக்கொடுத்த டைம்லர் தப்பியது. மென்பொருள் மோசடி சிலர் செய்த குற்றம் என்று வாதிடலாம். மேலும் நன்றாகச் செய்யத் தெரிந்தும் செய்வதில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்ததற்கு என்ன சமாதானம்? பாரெனியின் வாரிசுகள் தம் கலையைத் தாமே கைவிட்ட இடம் அது.

எனவே நம் விடை ஒரே சொல்லில் அடங்காது. வேகத்தில் நிலைகுலையாத ஓட்டம், மோதலில் உயிர்காக்கும் கட்டமைப்பு ஆகியவற்றில் காரணம் இன்னும் இருக்கிறது. 2022ல் மெர்சிடிஸின் சோதனைக் கார் ஒன்று ஸிண்டல்ஃபிங்கனிலிருந்து பிரான்சின் கடற்கரைவரை ஒரே மின்னேற்றத்தில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதும் உண்மை. நீடித்த உழைப்புக்காகக் கூடுதல் விலை கேட்கும் உரிமையை அவர்கள் 1990களிலேயே இழந்தனர். நேர்மைக்காகக் கேட்கும் உரிமை 2015ல் போயிற்று. மின்காரிலோ, மென்பொருளும் மின்கலமும் அவர்கள் கைப்பழக்கத்துக்கு அப்பாற்பட்டவை. 'ஜெர்மன்' என்னும் அடையும் தளர்ந்துவருகிறது: பி.எம்.டபிள்யூ. 2007 முதல் சென்னைக்கு அருகே கார்களைக் கோத்து வருகிறது. 2025ல் அது 'புதிய வகுப்பு' என்னும் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து வெளியிட்ட முதல் மின்கார் ஹங்கேரியில் உருவாகிறது.

தீர்ப்பு முதலில் சீனாவில் வெளிப்பட்டது. அங்கே போர்ஷே 2021ல் 95,000க்கும் மேற்பட்ட கார்களை விற்றது. 2024ல் 57,000க்கும் குறைவு. அதிகம் விற்கும் கார்ப் பெயர் என்னும் இடத்தை 2023ல் ஃபோக்ஸ்வேகன் பி.ஒய்.டி.யிடம் இழந்தது. 2024 டிசம்பரில், ஜெர்மனியில் 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைப்பதென்று அந்நிறுவனமும் தொழிற்சங்கமும் உடன்பாடு செய்துகொண்டன. அவ்விடங்களில் வேலை பார்த்தவர்கள் மென்பொருளைத் திருத்தச் சொன்னவர்களல்லர்.

அதற்கு முந்திய மாதம் ஷாங்காயில் ஔடி, சீன இளைஞர்களுக்கென ஒரு மின்காரைக் காட்சிக்கு வைத்தது. எஸ்.ஏ.ஐ.சி. என்னும் சீன நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய கார் அது. அதன் முகப்பில் 1932ன் நான்கு வளையங்கள் இல்லை; அவை இருந்த இடத்தில் ஹோர்ஷ் இலத்தீனிலிருந்து எடுத்த சொல்லின் நான்கு எழுத்துகள் மட்டும் இருந்தன.