பெருஞ்செல் மாற்றம்: மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ்

தோலில் தொடங்கும் டி-செல் நிணநீர்ப் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ். படையோ கரப்பானோ என்று எண்ணும்படியான திட்டுகளாக அது ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். சிலரிடம் மட்டும், சிறிய செல்களுக்கிடையே பெரிய செல்கள் பெருகி நோய் வேகம் பிடிக்கிறது. இதையே பெருஞ்செல் மாற்றம் என்கிறார்கள். 'மாற்றம்' என்றதும் ஒரு நாளில் நடந்து முடிந்த நிகழ்ச்சிபோலத் தோன்றும். ஆனால் இந்தக் கருத்து வளர்ந்த விதத்தைப் பார்த்தால், நோயின் நீண்ட போக்கின் குறுக்கே அந்தந்தக் காலத்துக் கருவி போட்ட கோடு இது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

1806இல் பாரிசின் சென் லூயி மருத்துவமனையில் மருத்துவர் அலிபெர் கண்டு எழுதியது முற்றிய கட்டிகளை. அவை காளானை ஒத்திருந்ததால் பின்னாளில் இந்தப் பெயர் வந்தது. பூஞ்சைக்கும் நோய்க்கும் எந்த உறவும் இல்லை. பெயர் மட்டும் இன்றுவரை குழப்புகிறது. 1870இல் மருத்துவர் பஸேன் திட்டு, தடிப்பு, கட்டி என மூன்று படிகளை வகுத்தார். வெறுங்கண்ணை நம்பிய அவர்களுக்குக் கட்டி எழுவதே திருப்புமுனை. 1987இலும் 1988இலும் அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் அந்தத் திருப்புமுனையை நுண்ணோக்கிக்குள் கொண்டுபோயின. சாதாரண நிணவணுவைவிட நான்கு மடங்கு பெரிய செல்கள், ஊடுருவிய செல்களில் 25 விழுக்காட்டைத் தாண்டினாலோ தனி முடிச்சுகளாகத் திரண்டாலோ அது மாற்றம் என்ற வரையறை பிறகு வழக்கில் நிலைத்தது. கண் போட்ட கோடும் நுண்ணோக்கி போட்ட கோடும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. மாற்றமடையாத கட்டியும் உண்டு, தடிப்பிலேயே மாற்றம் தெரிவதும் உண்டு.

பெரிய செல்கள் புதிதாக முளைத்த வேறொரு புற்றுநோயாக இருக்கலாமே என்று கேட்கலாம். 1993இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் டி-செல் ஏற்பியின் மரபணுவை ஒப்பிட்டு, பழைய தடிப்பும் புதிய பெருஞ்செல் நோயும் ஒரே செல்வழியில் வந்தவை என்று காட்டினார்கள். அந்தக் கேள்வியைவிட வலுவான மறுப்பு இன்னொன்று: கோடு வெறும் வசதிக்கானது என்றால், அதைக் கடந்தவர்களின் ஆயுள் ஏன் குறைகிறது? 2015இல் முற்றிய நிலை நோயாளிகள் 1,275 பேரை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, நான்காம் நிலை, 60ஐக் கடந்த வயது, இரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதியின் உயர்வு ஆகியவற்றோடு இந்த மாற்றத்தையும் தனித்த ஆபத்துக் காரணியாகவே கணக்கிட்டது. ஆகவே கோட்டுக்குப் பயன் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைக் கடந்தவர்கள் எல்லாரும் ஒரே தரத்தினர் அல்லர். மாற்றமடைந்த 100 பேரைப் பற்றிய 2012ஆம் ஆண்டின் டச்சு ஆய்வில், பெரிய செல்களில் சிடி30 புரதம் இல்லாதவர்களும், தோல் முழுக்கப் பரவிய நோயுடையவர்களும், தோலுக்கு வெளியே மாற்றம் கண்டவர்களும் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். 2017இல் ப்ரென்டுக்சிமாப் வெடோட்டின் மருந்துக்கு அமெரிக்காவில் இந்நோய்க்கான அனுமதி கிடைத்தபோதும் தகுதியாகக் கேட்கப்பட்டது செல்லின் அளவு அல்ல, அதே சிடி30தான்.