இலையைக் காத்த ஈயம்

பயிரைத் தின்னும் பூச்சியை நஞ்சிட்டுக் கொல்லும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே ஐக்கிய அமெரிக்காவில் விரைந்து பரவிற்று. 1860களின் இறுதியில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த கொலராடோ வண்டின்மீது உழவர், பாரிஸ் பச்சை என்னும் சாயப்பொருளைத் தூவினர். செம்பும் ஆசனிக்கும் சேர்ந்த அப்பொருள் அடுத்த பத்தாண்டில் அப்பிள் தோட்டங்களுக்கும் வந்தது. காயைத் துளைத்து உட்புகும் அந்துப்பூச்சியின் புழுக்களை ஒழிக்க, அதனை நீரிற் கலந்து மரங்களுக்குத் தெளித்தனர்.

புழு மடிந்தது, இலையும் கருகிற்று. பாரிஸ் பச்சையிலிருந்து நீரிற் கரைந்து பிரியும் ஆசனிக்கு இலைக்குள் ஊறி அதன் விளிம்பைச் சுட்டது. பல்லாண்டு வாழும் மரத்துக்கு இஃது எளிய சேதமன்று. ஓராண்டு இலை உதிரின் மறு ஆண்டின் பூவும் குறையும். சாயத் தொழிலின் கழிவாக மலிவாய்க் கிடைத்த இலண்டன் ஊதாவோ கருக்குவதில் அதனினும் கொடியது. சுண்ணாம்பைச் சேர்த்தால் கரையும் ஆசனிக்கு குறைந்து சேதம் தணியும் எனக் கண்டனர்; எனினும் அது முற்றாக நீங்கவில்லை.

முழுமையான தீர்வு பழத்தோட்டத்திலே பிறக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. துறூவெலோ என்பார் 1860களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து மசாச்சூசெற்ஸ் மாநிலத்துக்குக் கொணர்ந்த ஜிப்சி அந்துப்பூச்சி, அவர் கையினின்றும் தப்பிப் பெருகி, மரங்களை மொட்டையாக்கிற்று. அதன் புழுவைக் கொல்லப் போதிய அளவிற் பாரிஸ் பச்சையைத் தெளித்தால் இலை தாங்கவில்லை. ஆகவே, 1892இல் அப்பூச்சியை ஒழிக்கும் பணியில் இருந்த இரசாயனவியலாளர் மோல்ற்றன், ஈய ஆசனேற்றைச் சோதித்தார். அது நீரிற் கரைவது மிக அரிது. மழைக்கும் எளிதிற் கழுவப்படாது இலையில் ஒட்டிநின்றது. அப்பிள் தோட்டக்காரர் அதனை மகிழ்ந்து ஏற்றனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதுவே அவர்தம் முதன்மை நஞ்சாயிற்று.

இலைக்கு நன்மையாக இருந்த அப்பண்பே பிறவற்றுக்குத் தீமையாயிற்று. நஞ்சு பழத்தின் தோலிலும் ஒட்டியிருந்தது. 1925, 1926ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் அமெரிக்க அப்பிள்மீது ஆசனிக்கு காணப்பட்டுப் பெருங் கண்டனம் எழுந்தது. அதன்பின் பழங்களை நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்திற் கழுவிச் சந்தைக்கு அனுப்பலாயினர். புழுக்களும் காலப்போக்கில் நஞ்சைத் தாங்கப் பழகின; தெளிக்கும் தடவைகள் கூடின. பழத்தைக் கழுவலாம், மண்ணைக் கழுவுதல் எங்ஙனம்? ஈயமும் ஆசனிக்கும் சிதைந்து மறையும் பொருள்களல்ல. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. அந்நஞ்சின் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1988இல் ஐக்கிய அமெரிக்கா ஈய ஆசனேற்றைப் பூச்சிநாசினியாகப் பயன்படுத்துவதை முற்றாகத் தடுத்தது. எனினும், தெளிக்கப்பட்டது மேல்மண்ணிலே தங்கிவிட்டது.

வாசிங்ரன் மாநிலத்திலே முதிர்ந்த அப்பிள் மரங்களைத் தறித்துவிட்டு அவ்விடத்திற் பீச், அப்பிரிக்கொற் கன்றுகளை நட்டோர் இதனை அறிந்தனர். அவை அப்பிளினும் ஆசனிக்குக்கு எளிதில் இரையாவன. கன்றுகள் குறுகி நின்றன. கோடை நடுவிலே அவற்றின் இலைகள் விளிம்பு கருகி உதிர்ந்தன. இம்முறை நஞ்சு வேரின் வழியே ஏறியிருந்தது.